கூண்டு லாரிக்காரர்

கடலூரில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் நான் வேலை பார்த்தபோது, சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் வந்தார். தெருவிளக்கு மாட்டும் கூண்டு லாரி வைத்திருந்தார். கூண்டில் அவருடைய மச்சான் ஏறுவார். கீழே நின்று லிவரை இவர் இயக்குவார். குட்டையான மனிதர். யாரிடம் பேசினாலும் அண்ணாந்து பார்த்தே பேசுவார்.

பழைய ஜெனரேட்டரை எடுத்துவிட்டு, கூண்டைத் தூக்க வேறு ஏதாவது வைக்க வேண்டுமென்றார். நான் புது ஜெனரேட்டர் ஒன்றை ஓட்டிக் காட்டினேன்.

"நிறுத்துங்க" என்றார். "போன மாசம் சிதம்பரத்துல, இந்தச் சத்தத்துல மேல மச்சான் கத்துனது கேக்கல. கரண்டு கம்பிகிட்ட கொண்டு போயிட்டேன். ஒரு முழந்தான் பாக்கி."

"கையைக் காட்டலாமே?"

"பயந்தவன் ரெண்டு கையாலயும் கூண்டத்தான புடிப்பான்?"

சத்தமில்லாத பேட்டரி வைக்கலாம், ஆனால் அது நாள் முழுக்கத் தாங்காது, மத்தியானம் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றேன். பரவாயில்லை என்றார்.

வேலை முடிந்து சோதித்துப் பார்த்தோம். கூண்டு சத்தமில்லாமல் உயர்ந்தது. "இன்னும் கொஞ்சம் மேல, மாமா" என்றார் மச்சான். கீழே கேட்கிறது என்று தெரிந்ததும் அவர் வேறு விஷயத்துக்குப் போனார். தீபாவளிக்கு அக்காவை அனுப்பாததில் தொடங்கி, சிதம்பரத்துக் கம்பி வரை சொல்லித் திட்டினார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

லிவரைப் பிடித்திருந்தவர் முகத்தில் கோபமா, நிம்மதியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"இறக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"பேசி முடிக்கட்டும்" என்றார்.