நாரையின் வாயில் மீன்

பிப்ரவரி 11. வெள்ளிக் கரண்டி, ஒன்று. 85
ஜூன் 2. வெள்ளி உப்புக் கிண்ணம், மூடி இல்லை. 310
அக்டோபர் 19. பீங்கான் தட்டு, விளிம்பில் விரிசல். 60
ஏப்ரல் 7. பீங்கான் ஜக், நாரை முத்திரை. 2,400
ஏப்ரல் 7. அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு வர வாடகை வண்டி. 35

என் தங்கையின் கணவர் வாங்கிய பழம்பொருட்களில், நான் கூடப் போன நாட்களில் வாங்கியவை இவை. அவர் முப்பது வருடம் வாங்கினார். முழுப் பட்டியலுக்கு இங்கே இடமில்லை. நான் எழுத வந்தது அவரைப் பற்றியும் நான்காவது வரியில் உள்ள ஜக்கைப் பற்றியும். அந்த ஜக் வீட்டுக்கு வந்த பிறகுதான் என் தங்கையின் வலது கை அவளுக்கு நிலைக்குமா என்ற கேள்வி எழுந்தது. அவள் தையல்காரி.

மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அகலம் குறைந்த, நீளமான கடை. முன்புறம் இரண்டு நிலைக்கண்ணாடிகள், நடுவில் எழுத்துப் பலகை, பின்புறம் தடுப்புக்கு அப்பால் கண்ணாடி தேய்க்கும் சக்கரம். சக்கரத்தின் மேல் எப்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அவருக்கு முப்பத்து நான்கு வயதானபோது, வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளி மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, அடியில் என்னவோ குத்தியிருக்கிறது, உங்கள் லென்ஸில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான்கு முத்திரைகள், ஒவ்வொன்றும் எள்ளளவு. அன்று மாலை கடையைப் பூட்டிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மச்சான், எள்ளுக்குள்ள ஒரு ஆள் உக்காந்திருக்கான். பேரு, ஊரு, வருஷம், சரக்கு சுத்தமான்னு எல்லாம் சொல்றான். செத்து நூறு வருஷமாச்சு, இன்னும் பேசறான்."

அப்படி ஆரம்பித்தது. முதல் பத்து வருடம் வெள்ளி. தேய்ந்த முத்திரையின் மேல் வாயைக் குவித்து ஊதுவார். ஆவி படிந்து விலகும் அந்த ஒரு நொடியில் எழுத்து தெரியும். ஒட்டுப்போட்ட இடமிருந்தால் அதுவும் கோடாகத் தெரியும். பெரிய பாத்திரத்துக்கு நல்ல விலை வரவேண்டும் என்று, உடைந்த கரண்டியிலிருந்து முத்திரையை வெட்டியெடுத்துப் பற்றவைப்பவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அவரிடம் தப்பியதில்லை.

பிறகு பீங்கான். பீங்கானில் முத்திரை அடியில் இருக்கும். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டையோ கிண்ணத்தையோ கவிழ்த்துப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. பழஞ்சாமான் ஏலக்காரர்கள் அவருக்குத் 'தலைகீழ்' என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை எங்கள் குடும்ப டாக்டர் வீட்டில், கையில் இருந்த கோப்பையில் தேநீர் இருப்பதை மறந்து தலைக்குமேல் தூக்கிக் கவிழ்த்துவிட்டார். சட்டை நனைந்தது பெரிதாகப் படவில்லை. "சாதாரண சரக்குதான் டாக்டர்" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

தங்கை அதை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "என்னையும் கவுத்துப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு. முத்திரை எதுவும் கிடைக்கல. அதான் இத்தனை வருஷமா ஒரு சந்தேகத்தோடயே குடும்பம் நடத்தறாரு."

"உனக்கெல்லாம் முத்திரை எதுக்கு? பேச ஆரம்பிச்சா எந்தத் தயாரிப்புன்னு ஊருக்கே தெரியும்" என்பார் அவர், என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு.

பீங்கானுக்கு வந்தபின் இருபது வருடமாக அவர் தேடியது நாரை முத்திரை. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு வெகு காலமாகிறது. அதன் பாத்திரங்களின் அடியில் நீல நிறத்தில் ஒரு நாரை நிற்கும். முதல் பதினோரு வருடம் நாரையின் வாயில் ஒரு மீன் உண்டு. தொழிற்சாலை கைமாறிய பிறகு மீன் இல்லை. மீன் இல்லாத நாரை எந்த ஏலத்திலும் கிடைக்கும். மீனுள்ள நாரையைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார். ஏப்ரல் ஏழாம் தேதி ஏலத்தில், கைப்பிடியில் பச்சை இலைக்கொடி வரைந்த பால்நிற ஜக் ஒன்றைக் கவிழ்த்தார். அலகின் நுனியில் அரிசியில் பாதியளவு நீலப்புள்ளி இருந்தது. லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "வால் தெரியுது மச்சான்" என்றார்.

மறுமாதம் அதைத் தங்கையிடம் கொடுத்தார். கண்ணாடி அலமாரியில் நானூறு சாமான் பூட்டிக் கிடக்க, நான் மட்டும் நெளிந்த பாத்திரத்தில் தண்ணீர் குடிக்க வேண்டுமா என்று அவள் வெகுநாளாகக் குத்திக்கொண்டிருந்தாள். இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. அவளுக்குக் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கும் பழக்கம். தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவரே மூன்று பழம் பிழிந்து, ஜக்கில் ஊற்றி, தட்டால் மூடி வைப்பார். விடியும்வரை அது ஊறும். அவருக்கு வயிற்றுப்புண், புளிப்பு ஆகாது. ஆகவே அதில் அவர் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை.

டிசம்பரில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்தது. ரத்தசோகை என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை சூடு, எலுமிச்சைதான் குளிர்ச்சி என்று மாப்பிள்ளை நான்காவது பழத்தையும் பிழிய ஆரம்பித்தார். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவள் சட்டைக்குக் கைப்பட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரிக்கோல் தரையில் விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"இந்தக் கத்திரிக்கு என் மேல கோவம்ண்ணே" என்றாள். மூன்றாம் முறை அவள் எடுக்கவில்லை. மணிக்கட்டு மேசை விளிம்பிலிருந்து துணி மாதிரித் தொங்கியது. அவள் அதை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். ஜக் கழுவிக் கவிழ்த்திருந்தது. நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். உட்சுவரில் முக்கால் உயரத்தில் சுற்றிலும் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வாங்கிய அன்றிருந்த அதே பளபளப்பு. கீழே சுண்ணாம்புச் சுவர் மாதிரி மங்கல். விரலால் தடவினால் சொரசொரத்தது.

"பழசு அப்படித்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"வாங்கின அன்னைக்கு இப்படி இல்லையே?"

"நீங்க எப்ப உள்ள பாத்தீங்க? நானே அடியத்தான் பாத்தேன்."

அவருடைய முத்திரைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாரைக்கான பக்கம் விரல்பட்டு அழுக்கேறியிருந்தது. இடது பக்கம் முத்திரைப் படங்கள். வலது பக்கம் தொழிற்சாலையின் கதை. அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. முதல் முதலாளியின் மேல்பூச்சில் காரீயம் மிகுதி என்றும், புளிப்புப் பட்டால் அது கரையும் என்றும், பாத்திரத்தைப் பூச்சில் முக்கியெடுக்கும் பெண்களுக்கு வயிற்றுவலியும் வெளுப்பும் வந்து பின் கைகள் தொங்கிப்போயின என்றும், அதனாலேயே தொழிற்சாலை கைமாறிப் பூச்சும் மாறியது என்றும் அதில் இருந்தது. காரீயம் விட்டுப்போன அந்த வருடம்தான் நாரையின் வாயிலிருந்து மீனையும் எடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை கடை திறக்கும் நேரத்துக்குப் போய்ப் புத்தகத்தை அவர் முன் விரித்தேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"அப்ப இது மீன் இல்ல" என்றார்.

"என்ன மாப்பிள்ளை, பத்து மாசமா வால் தெரியுது, செதில் தெரியுதுன்னீங்க!"

"தூரிகையிலேர்ந்து சொட்டின மை. பின்னாடி வந்த சரக்கு. சாதாரண நாரை. அதுல காரீயமே கிடையாது."

"இனிமே அவ அதுல குடிக்கக் கூடாது."

"குடிக்க வேண்டாம். நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல. ஆனா அது கறைதான்."

ஜக்கை அன்றே அலமாரியில் வைத்துப் பூட்டியதாகச் சொன்னார். அந்தத் தொழிற்சாலையின் பழைய வரைபடங்களைப் பாதுகாக்கும் அருங்காட்சியகத்துக்கு, மீனா கறையா என்று கேட்டுப் படங்களோடு கடிதம் போட்டார். நான் தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தத்தில் காரீயம் இருந்தது. இருக்கக்கூடிய அளவைப் போலப் பல மடங்கு. வயிறு சரியாகிவிடும், ரத்தமும் ஊறிவிடும், கையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். அந்த ஜக்கைக் கொண்டுவந்தால் சோதித்துச் சொல்கிறோம் என்றும் சொன்னார். மாப்பிள்ளை கொடுக்கவில்லை. சுரண்டிப் பாழாக்கிவிடுவார்களாம். காரீயம் வீட்டுக் குழாயிலிருந்து வந்திருக்கும் என்றார்.

"அதே குழாய்த் தண்ணியத்தானே நீங்களும் குடிக்கறீங்க?" என்றாள் தங்கை.

மே மாதம் அருங்காட்சியகத்திலிருந்து பதில் வந்தது: படம் தெளிவாக இல்லை, வேறு அனுப்புங்கள். அனுப்பினார். ஜூலையில் இன்னொன்று வந்தது: இதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் விடுப்பில் இருக்கிறார். இரண்டையும் அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். தங்கைக்கு வயிற்றுவலி நின்றது. கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. மணிக்கட்டுக்குப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். விரல்களை நீட்டிப் பழக வேண்டும். அவள் பழகினாள், விரல்கள் கேட்கவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். "அவசரமில்ல, சரியானதும் தாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார்கள்.

செப்டம்பரில் என் மூக்குக் கண்ணாடியின் கால் கழன்றது. கடைக்குப் போனேன். மாப்பிள்ளையின் முகம் வெளுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. திருகாணியை இடுக்கியில் பிடித்தார். விழுந்தது. தேடி எடுத்துப் பிடித்தார். விழுந்தது. நான் தடுப்புக்கு அப்பால் போனேன். சக்கரத்துக்குப் பக்கத்தில், தட்டால் மூடியபடி, அந்த ஜக். தட்டை எடுத்தேன். எலுமிச்சை வாசனை.

"எத்தனை நாளா?"

"புத்தகத்த நீங்க கொண்டுவந்த அன்னைக்கு ஆரம்பிச்சேன்."

"வயித்துப்புண்ண வச்சுக்கிட்டா? உங்களுக்குப் பைத்தியமா மாப்பிள்ளை?"

"சத்தம் போடாதீங்க மச்சான், வெளிய ஆள் நிக்குது." நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்லா யோசிச்சுப் பாருங்க. இதுல குடிச்சு எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அது கறை. கறைன்னா அவளுக்கு வந்தது வேற எதனாலயோ. நான் தினம் என் கையால பிழிஞ்சு ஊத்தினது அவளுக்கு ஒண்ணும் பண்ணலைன்னு ஆயிடும்ல? அது தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"உங்க கையப் பாருங்க."

பார்த்தார். வலது மணிக்கட்டு முழங்காலுக்குக் கீழே மடிந்திருந்தது.

"வயசாச்சு. கண்ணாடிக்காரனுக்குக் கைநடுக்கம் வராதா?" என்றார். பிறகு, "பதில் வரட்டும்" என்றார்.

ஜக்கை நான் காலி செய்து துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை, தடுக்க எழுந்திருக்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். ரத்தம் எடுத்தால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எழுதிவிட்டால் அது ஆகிவிடும் என்பதுபோல. கடைசியில் தங்கைதான் கூட்டிப் போனாள். "வரமாட்டீங்கன்னா தலைகீழாத் தூக்கிட்டுப் போவேன்" என்றாள். தூக்க அவளிடம் ஒரு கை இருந்தது. அவர் எழுந்து நடந்தார்.

அவர் ரத்தத்திலும் இருந்தது. டாக்டர் அளவைச் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் வண்டியில் அவளிடம், "மீன்தான்" என்று மட்டும் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபரில் கடையை விற்றார். தேய்க்கும் சக்கரத்தை வாங்கிப் போனவர் அதை ஓட்டிக் காட்டச் சொன்னார்; அவரால் முடியவில்லை. தையல் இயந்திரம் இன்னும் அறையின் மூலையில் இருக்கிறது. அதன் மேல் மாத்திரைப் பெட்டிகளை வைக்கிறார்கள். அவள் கை நுனிவிரல் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. கோப்பையை இரு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் தூக்குகிறாள். பிடித்து வெட்டும் வேலை இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கையைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் முற்பகல், நான் அங்கே இருந்தபோது, தபால்காரர் தடித்த உறை ஒன்றைக் கொண்டுவந்தார். மூலையில் அருங்காட்சியகத்தின் பெயர். அவள் இடது கையால் வாங்கி மேசையில் அவர் முன் வைத்தாள். ஓரத்தைக் கிழிக்க அவர் விரலைக் கொண்டுபோனார். விரல் உறையின் மேல் வழுக்கி மேசைக்குப் போயிற்று. இன்னொரு முறை முயன்றார். அவள் தன் விரலால் முயன்றாள். உறை நகர்ந்ததே தவிரக் கிழியவில்லை. நான் இருந்தேன், இருவரில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அவள் எழுந்து அடுப்பில் பாலை வைக்கப் போனாள். அவர் உறையைப் புறங்கையால் தள்ளி மேசையின் கோடிக்குக் கொண்டுபோனார். அது இன்றும் பிரிக்கப்படாமல் அங்கேயே இருக்கிறது. அதற்குப் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது நவம்பர் 14.