வெட்டி எடுத்த நாற்பது விநாடி

வானொலி நிலையத்தில் ஒலிநாடாக்களைத் தொகுக்கும் அவரை எல்லோரும் 'கத்தரி' என்றுதான் அழைப்பார்கள். பேசுகிறவர் மூச்சு வாங்கினாலும், தயங்கினாலும், அந்தத் துண்டை வெட்டி எடுத்து, மேசைக்கு மேலுள்ள ஆணியில் தொங்கவிடுவார். இருபது ஆண்டுப் பழக்கம். "சும்மா இருக்கறதைக் கேக்கணும்னா ஜனங்க ரேடியோவை அணைச்சுட மாட்டாங்களா?" என்பார்.

இது நரியும் முதலையும் பேசிக்கொள்ளும் கதை அல்ல; பட்டப்பகலில் நடந்தது. கத்தரியே கண் கலங்கச் சொன்னது.

சாதாரணப் பெண் ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் நிகழ்ச்சி அது. கடுங்கோடையில் ஒருநாள், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தோராண்டு விரிப்புகள் துவைத்த அம்மாள் ஒருவர் பேச வந்தார். "ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணிதான் ஊத்தணும். வெந்நீர் ஊத்தினா ஒட்டிக்கும். அங்க இருக்கற தலைகாணி உறைக்கெல்லாம் என்னைத் தெரியும், டாக்டருங்களுக்குத்தான் தெரியாது" என்று சிரித்தார்.

கடைசியில் திடீரென்று மௌனமானார். இருபத்திரண்டு விநாடி. நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு, மகளிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"பெரியவளே... சங்கிலியை நீ எடுக்கலைன்னு மறுநாளே தெரிஞ்சுது. சொல்ல வாய் வரலை. பதினோரு வருஷமா கதவைத் தாழ் போடாமத்தான் படுக்கறேன். வந்துடு."

பதிவு முடிந்ததும் கத்தரியிடம் வந்தார். "தம்பி, இதை மட்டும் வெட்டிடாதீங்க. ரேடியோவுல கேளுன்னு அவளுக்குச் சொல்லி அனுப்பறேன்."

"நேர்லயே சொல்லலாமேம்மா?"

"அவ மூஞ்சியைப் பார்த்தா அழுகைதான் வரும் தம்பி, பேச்சு வராது."

"வெட்ட மாட்டேன்மா."

இருபத்தெட்டு நிமிடத்தில் அடங்க வேண்டிய நிகழ்ச்சி, நாற்பது விநாடி கூடிவிட்டது. தொடக்கத்தில் ஐம்பது விநாடி குழலிசை இருந்தது. கத்தரி தாமே வாசித்துப் பதிந்தது. அவர் கை அந்தப் பக்கம் போயிற்று. மனம் வரவில்லை, திரும்பிற்று. அம்மாளின் மௌனத்தையும் அதன் பின் வந்த சொற்களையும் வெட்டி எடுத்து ஆணியில் மாட்டினார்.

வியாழக்கிழமை பிற்பகல் 2.30க்கு ஒலிபரப்பாயிற்று. 2.58க்கு முடிந்தது.

மறுநாள் பிற்பகல், நாடாவைப் பெட்டியில் வைக்குமுன் நேரம் சரிபார்த்தார்.

இருபத்தெட்டு நிமிடம், நாற்பது விநாடி.

நிமிர்ந்து பார்த்தார். வெட்டிய துண்டு ஆணியில்தான் தொங்கியது. மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

மீண்டும் ஓடவிட்டார். முடிவில் சொற்கள் இல்லை. யாரோ மூச்சு விடும் ஓசை மட்டும்... மிக அருகில்...

மணி 2.57.

தலையில் மாட்டியிருந்த காதுக்கருவியைக் கழற்றினார். ஓசை நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் பதிவறை காலி. ஒலிவாங்கியின் ஒலியளவைக் காட்டும் முள் துடித்தது.

கிரீச்...

"தம்பி... முழுசா வந்துச்சா?"

மணி 2.58.

சனிக்கிழமை காலையில் அம்மாளின் வீட்டைத் தேடிப் போனார். மகன் கதவைத் திறந்தான்.

"அம்மா புதன்கிழமையே போயிட்டாங்க சார்."

ஒலிபரப்புக்கு முந்தின நாள்!

"சேதி கேட்டு அக்கா வந்தா. வாசப்படி தாண்டி உள்ள வரலை. ரேடியோவுல உனக்கு ஏதோ சொல்லியிருக்காங்கன்னு சொல்லி, வியாழக்கிழமை வரைக்கும் பக்கத்து வீட்டுல இருக்க வெச்சேன். ஜன்னலுக்கு வெளியே நின்னே கடைசி வரைக்கும் கேட்டா. ஒண்ணும் வரலை. 'சாகும்போதும் என்னைத் திருடின்னே நெனைச்சிருக்காங்கடா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

"அக்காவை அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை கேக்கச் சொல்லுப்பா. அவங்க கால்ல வேணும்னாலும் விழறேன்" என்றார் கத்தரி.

அந்த வாரம் தம் குழலிசை முழுவதையும் வெட்டி எறிந்தார். அந்த இடத்தில் பத்து விநாடிக்குத் தம் குரலை வைத்தார்: "இந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைப் போன வாரம் மீறிட்டேன். தப்பு என்னோடது." ஆணியில் கிடந்த துண்டை உரிய இடத்தில் ஒட்டினார். நேரம் பார்த்தார். சரியாக இருபத்தெட்டு நிமிடம்.

ஒலிபரப்பான மறுநாள், பெரிய மகள் நிலையத்துக்கு வந்தார். நெற்றியில் அம்மாளின் அதே சுருக்கம்.

"கேட்டேன் சார். கடைசியா, 'மழை வருது, கொடித்துணியை எடுடி'ன்னாங்களே... அந்த நிமிஷம்தான் வெளியே தூறல் விழுந்துச்சு. அழுதுக்கிட்டே ஓடினேன்."

அப்படி ஒரு சொல் அந்த நாடாவில் இல்லை. கத்தரிதாம் ஒட்டினார், அவருக்குத் தெரியும்.

காதுக்கருவியை மகளின் தலையில் மாட்டி, நாடாவை ஓடவிட்டார். முடிவு வந்தது. மகள் கண்களை மூடிக்கொண்டார்.

"எடுத்துட்டேன்மா" என்றார், கண் திறக்காமலே.

மணி 2.58. கண்ணாடிக்கு அப்பால் காலி நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது... எழுந்து போகிறவர்களின் நாற்காலி போல.

முள் அடங்கிற்று.

"அம்மா வீட்டுக் கதவை இன்னும் தாழ் போடலையாம் சார், தம்பி சொன்னான். இப்படியே அங்கதான் போறேன்" என்றார் மகள்.

கத்தரி நாடாவை இரு கைகளாலும் எடுத்து அவரிடம் கொடுத்தார். அவர் போன பிறகு, அந்தக் காலி நாற்காலியின் முன் வெகுநேரம் தலைகுனிந்து நின்றார்.

பிறகு மேசைக்கு மேலிருந்த ஆணியைப் பிடுங்கினார்.