நெல்டாவின் சீட்டு செல்லாத இடம்

எங்கள் டன்மோர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியருக்குப் பயப்படாத பிள்ளைகள் நிறைய உண்டு. நெல்டா பரேராவுக்குப் பயப்படாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. அவள் பாடம் நடத்துகிறவள் அல்ல. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, இன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்க்கிறவள். பத்து மணிக்குள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் போய்விடும். அம்மா எடுக்காவிட்டால் அப்பா, அப்பாவும் எடுக்காவிட்டால் அவர் வேலை செய்யும் பருத்தி ஆலை.

ஒருமுறை ஒரு பையன் தன் அம்மா குரலில் பேசி, "என் மகனுக்குக் காய்ச்சல்" என்றான். நெல்டா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அடடா, பாவம். ஆனா மேடம், உங்க குரல் இப்பத்தான் உடையுது போல. அரை மணி நேரத்துல நீங்களே இங்க வந்துடுங்க, நர்ஸ்கிட்ட காட்டிடலாம்" என்றாள். பையன் இருபது நிமிடத்தில் வந்து நின்றான்.

நான் செலோ. பள்ளிக்கு வருகிறவர்களை அலுவலகத்தில் விசாரித்து உள்ளே அனுப்புவது என் வேலை. நெல்டாவோடு ஒரே காபிப் பாத்திரத்தில் பங்கு போட்டுக் குடித்து எனக்கு வயதாகிவிட்டது. அவளுக்கு வாய் குறைவு, எனக்கு அதிகம், அதனால் அவள் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெக்சாஸின் எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பிலேயே கல்லூரிப் பாடமும் படிக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் மஞ்சள் பஸ் அவர்களை நாற்பது மைல் தள்ளியிருக்கும் கல்லூரிக்கு ஏற்றிப் போகும். அங்கே வாங்கும் மதிப்பெண் பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். நன்றாகப் படித்தால் இரண்டு இடத்திலும் லாபம். சறுக்கினால் இரண்டு இடத்திலும் அடி என்பதை, பிள்ளைகளைச் சேர்க்கும்போது யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

நெல்டாவின் மகள் அராசெலி உடற்கூறியல் பாடம் எடுத்திருந்தாள். செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் பாடத்தில் எழுபதுக்குக் குறையாமல் வாங்கினால்தான் அந்த வாசல் திறக்கும். பெண் கெட்டிக்காரி. ஆனால் அவளுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது, பன்றி வளர்ப்பு. அந்த வருடம் அவள் வளர்த்த பன்றிக்கு 'மேயர்' என்று பெயர். எங்கள் ஊர் மேயருக்கு அது தெரியும். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் பெரிய கால்நடைக் காட்சி வந்தது. பன்றியோடு காட்சிக்குப் போன பிள்ளை எங்கள் ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளை ஆகாது. நெல்டா ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாள். ஆசிரியர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பரீட்சையை வேறொரு நாள் வைத்துக்கொடுப்பார்கள். இது ஊருக்கே பழகிப்போன விஷயம். யாரும் கேள்வி கேட்டதில்லை.

புறப்படுவதற்கு முன் அராசெலி அலுவலக ஜன்னலில் வந்து நின்றாள்.

"மா, வியாழக்கிழமை காலேஜுல எலும்புப் பரீட்சை இருக்கு. மேஜை மேஜையா எலும்பு வெச்சிருப்பாங்க, பேரு எழுதணும்."

"அதுக்கென்ன? சீட்டு தர்றேன். திரும்பி வந்ததும் சார்கிட்ட கொடு."

"அது போதுமா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டுமா?"

"என் சீட்டு எங்கடி செல்லாம போயிருக்கு? போய் மேயரைக் குளிப்பாட்டு, போ."

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "உங்கம்மா சீட்டைக் காட்டினா சொர்க்கத்துலகூட லீவு குடுப்பாங்க" என்று சேர்ந்து சிரித்தேன். எனக்கு மட்டும் என்ன தெரிந்தது!

மேயருக்கு நான்காம் பரிசு கிடைத்தது. பரிசாகக் கொடுத்த நாடாவை அராசெலி தன் தலையில் கட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கல்லூரியில் ஹென்ஷா என்ற அந்த ஆசிரியரிடம் சீட்டைக் கொடுத்தாள். அவர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். எலும்புப் பரீட்சைக்குப் பூஜ்யம். மொத்த மதிப்பெண்ணில் அது ஐந்தில் ஒரு பங்கு.

மறுநாளே நெல்டா அரை நாள் விடுப்பு எடுத்தாள். அவள் விடுப்பு எடுத்து நான் பார்த்தது அபூர்வம். "நீயும் வா, நான் ஏதாவது கத்திட்டா இழுத்துப் பிடிக்க ஆள் வேணும்" என்றாள். கத்துகிறவள் நான்தான் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கல்லூரி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பையன் இருந்தான். நேற்றுத்தான் மீசை முளைத்த மாதிரி இருந்தான்.

"என் மக அராசெலி பரேரா. ஹென்ஷா சார் கிளாஸ். அவ மார்க் விஷயமா பேசணும்" என்றாள் நெல்டா.

"மன்னிச்சுக்கோங்க மேடம். அப்படி ஒரு மாணவி இங்க படிக்கிறாங்களா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது."

"நான் அவளைப் பெத்தவ."

"சந்தோஷம் மேடம். ஆனா காலேஜுல சேர்ந்துட்டா அவங்க விஷயம் அவங்களோடது. அவங்களே வந்து கேக்கணும்."

"தம்பி, அவளுக்குப் பதினேழு வயசு. பல் பிடுங்கக்கூட நான் கையெழுத்துப் போடணும்!"

"பல்லுக்கு வேற ஆபீஸ் மேடம்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வழி காட்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடியைத் தட்டியிருப்பேன். நெல்டாதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை தாய்மார்களுக்குத் தன் ஜன்னலில் உட்கார்ந்து பதில் சொன்னவள்! அன்றைக்கு ஜன்னலின் இந்தப் பக்கம் நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை அராசெலியே ஹென்ஷாவைப் பார்க்கப் போனாள். நானும் நெல்டாவும் வெளியே வண்டியில் இருந்தோம். உள்ளே நடந்ததை அவள் வந்து சொன்னாள்.

"'பரீட்சைத் தேதி முன்னாடியே தெரியுமா'ன்னு கேட்டார். தெரியும்னேன். 'எங்கிட்ட சொன்னியா'ன்னார். இல்லேன்னேன். 'ஏன்'னார். லீவு விஷயமெல்லாம் அம்மா பாத்துக்குவாங்கன்னு சொன்னேன்."

நெல்டா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாரா?" என்றேன் நான்.

"இல்ல. 'நீ ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா திங்கட்கிழமை வர்ற பேட்சோட சேர்த்து எழுத வெச்சிருப்பேனே'ன்னார். இப்ப மறுபரீட்சை கிடையாதாம். மத்ததெல்லாம் நல்லா எழுதினா எழுபது வரலாம், ஆனா கஷ்டம்னார். வேணாம்னா வெள்ளிக்கிழமைக்குள்ள பாடத்தை விட்டுடலாமாம். அப்ப பெயில்னு விழாது."

"விட்டுடு" என்றாள் நெல்டா உடனே.

"மா..."

"விட்டுடு கண்ணு. காலேஜுல ஒரு பெயில் விழுந்தா அது சாகிற வரைக்கும் கூடவே வரும். உனக்குத் தெரியாது."

அராசெலிக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் நெல்டாவும் செவிலியர் படிக்கப் பெரிய நகரத்துக் கல்லூரிக்குப் போனவள். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தாள். அந்தக் கூட்டத்தில் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல், ஒருநாள் வகுப்புக்குப் போகாமல் இருந்தாள், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் பெட்டியோடு ஊருக்கே வந்துவிட்டாள். போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். யாரும் அடிக்கவில்லை. எடுத்திருந்த நான்கு பாடத்திலும் பெயில் விழுந்தது. சில வருடம் கழித்து மறுபடி விண்ணப்பித்தபோது அந்த நான்கையும் காட்டித்தான் முடியாது என்றார்கள்.

"ஒருத்தராவது போன் பண்ணி, நெல்டா, ஏன் வரலன்னு கேட்டிருந்தா அடுத்த பஸ்ஸுல திரும்பிப் போயிருப்பேன் செலோ" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு, அவள் பத்து மணிக்குள் போன் பண்ணுவதை நான் கேலி செய்ததே இல்லை.

இந்தக் கதையை அன்றைக்கு வண்டியில் மகளிடமும் சொன்னாள். ஒன்றும் மறைக்கவில்லை. அராசெலி பின்சீட்டிலிருந்து அம்மாவின் தோளில் கை வைத்தபடி கேட்டாள். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

பாடத்தை விட்டுவிட அம்மாவின் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் கையெழுத்தும் வேண்டும். பரீட்சையைப் பற்றிக் கேட்க உரிமையில்லாத அம்மாவிடம் இதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்பானேன்? இந்தக் கல்லூரிக்காரர்கள் தலையில் என்னதான் இருக்கிறதோ. நெல்டா அன்று மாலையே கையெழுத்துப் போட்டு, படிவத்தை மகளின் பையில் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு தோழியின் காரில் அராசெலி கல்லூரிக்குப் போனாள். நெல்டா அன்றைக்கு இரண்டு வீட்டுக்குத் தப்பாகப் போன் பண்ணினாள். பள்ளிக்கு வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் காணோம் என்று அவன் அப்பாவைப் பதறவைத்தாள். மணி அடித்து எல்லாரும் போன பிறகு அராசெலி வந்தாள்.

"குடுத்துட்டியா?"

"இல்ல."

"ஆபீஸ் மூடிட்டாங்களா?"

"திறந்துதான் இருந்துச்சு. வாசல் வரைக்கும் போனேன். அப்புறம் ஹென்ஷா சாரைப் பாக்கப் போயிட்டேன். புதன்கிழமை இன்னொரு பேட்சுக்கு லேப் நடக்குது. ஓரமா உக்காந்துக்கட்டுமான்னு கேட்டேன். வான்னார்."

"அராசெலி, நான் சொன்னது உன் காதுல விழுந்துதா இல்லியா? எனக்கு என்ன ஆச்சுன்னு—"

"நீ போகாம நின்னுட்டே மா. நான் நிக்கல. போயிட்டுத்தான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. நெல்டா கணினியை அணைத்தாள், ஜாக்கெட்டை மாட்டினாள், விளக்கை அணைக்க மறந்து வெளியே போனாள். விளக்கை நான் அணைத்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை என்று கேள்விப்பட்டேன். புதன்கிழமை மூன்றரை மணிக்கு நெல்டா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க?" என்றேன்.

"புதன்கிழமை பஸ் கிடையாதே. அவ எப்படிப் போவா?"

அதிலிருந்து புதன்தோறும் போனாள். மகள் உள்ளே தொடை எலும்பையும் முழங்கால் சில்லையும் பார்த்துக்கொண்டிருக்க, இவள் வண்டியில் உட்கார்ந்து ரொட்டியில் சுற்றிய பீன்ஸைத் தின்றுகொண்டிருப்பாள். உள்ளே போய் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. வரும் வழியில், அன்று என்ன படித்தாய் என்று மட்டும் கேட்பாளாம். அராசெலி தன் கையிலும் அம்மாவின் கையிலும் தொட்டுத்தொட்டு எலும்புகளின் பெயர் சொல்லுவாளாம். "ஓட்டும்போது தொடாதடி, கூசுது" என்று நெல்டா அலுத்துக்கொண்டது எனக்குத் தெரியும், என்னிடம் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

மே மாதம் முடிவு வந்த நாள் எல்லாப் பிள்ளைகளும் காலையிலேயே போனில் பார்த்துவிட்டார்கள். கத்தல், கட்டிப்பிடித்தல், கழிவறையில் ஒரு பெண்ணின் அழுகை. அராசெலி மட்டும் ஜன்னல் பக்கம் வரவே இல்லை.

"போய்க் கேளேன்டி" என்றேன்.

"அவளோட மார்க். அவ சொல்லட்டும்."

"உனக்கு பிரஷர் ஏறி விழுந்தா நான்தான் தூக்கணும். நான் கேட்டுட்டு வரவா?"

"செலோ, உக்காரு."

உட்கார்ந்தேன். மதிய உணவு மணி அடித்தது. நெல்டா சாப்பிடவில்லை. வராத பிள்ளைகளின் வீடுகளுக்குக் காலையிலேயே பேசி முடித்திருந்தும், திரும்ப அந்தப் பெயர்களையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி மணிக்கு முன் அராசெலி வந்தாள். முன்பே வந்து நின்ற இரண்டு பையன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். அவர்கள் போன பிறகு ஜன்னலில் முழங்கையை ஊன்றினாள்.

"ஏன்டி இவ்வளவு நேரம்?" என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல்.

"தனியா ஒரு தடவை சரியா கூட்டிப் பாத்தேன். தப்பாப் போட்டிருப்பாங்களோன்னு பயம்." அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். "எழுபத்து மூணு மா. நாம பாஸ் ஆயிட்டோம்."

நெல்டா எழுந்தாள். ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டி மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை.

"நாம இல்ல கண்ணு," என்றாள். "நீ."