நட்சத்திரம் தொங்காத வீடு

டோலக்கின் தோலில் உள்ளங்கையை வைத்து அமுக்கி, பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து "உஷ்!" என்றேன். அறுபதுகளின் நடுவில், தாராவியில் ஒரு டிசம்பர் மாலை அது. அந்த ஒரு "உஷ்" இன்றுவரை என்னை விடவில்லை.

அப்போது நான் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் சங்கச் செயலாளன். வயது இருபத்தாறு, வாய்க்கு மட்டும் அறுபது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீடு வீடாகக் கீதம் பாடப் போவோம். எந்தெந்த வீடு என்கிற பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாங்கள் கையோடு கொண்டுவந்த முறை ஒன்று உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் வாசலில் காகித நட்சத்திரம் தொங்காது, பலகாரம் சுடமாட்டார்கள், புதுத்துணி கிடையாது. நட்சத்திரம் தொங்காத வாசலில் பாட்டுக்காரர்களும் நிற்பதில்லை.

டீச்சரம்மாவின் கணவர் அந்த வருஷ மழைக்காலத்தில்தான் இறந்திருந்தார். டீச்சரம்மா முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார், பிள்ளைகள் இல்லை. பட்டியலில் அவர் பெயரை நானே அடித்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவர் வாசல் வந்ததும் பாட்டை நிறுத்தினேன். பெட்ரோமாக்ஸ் விளக்கைக்கூடத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னேன். இருபது பேரும் பூனை மாதிரி நடந்து கடந்தோம். முனை திரும்பியதும் மறுபடி கொட்டி முழக்கினேன். எவ்வளவு பண்பான பிள்ளைகள் நாம் என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு வேறு. சே!

மறுநாள் காலை, ஆராதனை நேரம் அச்சடித்த தாளைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். தரையில் பாயை விரித்து, கழுவிய கண்ணாடித் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியவை, இருபதுக்குக் குறையாது.

"என்ன டீச்சரம்மா, விருந்தாளியா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான்யா காப்பி போட்டு வச்சிருந்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "தூரத்துல பாட்டு கேட்டதுமே எந்திரிச்சு வந்து கதவுப் பக்கம் நின்னுட்டேன். நீங்க கொட்ட நிறுத்திட்டு நடந்து போனியள்லா, அந்தச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"துக்க வீடுன்னு... முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"எங்க வீட்டு சார் போனதுல இருந்து எல்லாரும் மொறையாத்தான்யா நடக்காவ. ஒருத்தரும் உள்ள வரல. பாட்டோட ஆண்டவராவது வருவாருன்னு இருந்தேன்."

அங்கேயே உட்கார்ந்து ஒற்றை ஆளாக ஒரு பாட்டுப் பாடியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் வெட்கம் விட்டிருக்காது. தாளை நீட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அவர் அம்பர்நாத்திலிருந்த தம்பி வீட்டோடு போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

இப்போது செம்பூரில் தனியாக இருக்கிறேன். மகன் கனடாவில். மனைவி இந்த வருஷம் ஜூலை மழையில் இறந்துபோனாள். ஒரு ஆளுக்கு அளவாக டீ போட எனக்கு இன்னும் வரவில்லை. போன வாரம் சபையிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "அங்கிள், இந்த வருஷம் கேரல்ஸுக்கு உங்க வீட்ட விட்டுட்டோம். ஆன்ட்டி இல்லல்ல, டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு..." சரிப்பா, தேங்க்ஸ் என்று வைத்துவிட்டேன். நல்ல பையன். நானும் அப்படி ஒரு நல்ல பையனாகத்தானே இருந்தேன்!

ஆண்டவர் பிறந்தது அலங்கரித்த வீட்டில் அல்ல; இடமில்லை என்று அனுப்பப்பட்டவர்களிடம்தான் வந்தார். எத்தனை வருஷம் இதைத் தொண்டை கிழியப் பாடியிருக்கிறேன்! எனக்கு அது பண்டிகைப் பாட்டு, அவ்வளவுதான். ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், அவர் தேடி வந்தது இந்த மாதிரி வாசலைத்தான் என்று உறைத்தது. துக்கம் விசாரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற மரியாதை நம்முடையது, அவருடையது அல்ல. போனை எடுத்து அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "துக்க வீடுதாம்ப்பா. அதான் வரச் சொல்லுதேன்."

நேற்று மாலை வந்தார்கள், ஆறு பேர். தமிழ் படிக்கத் தெரியாமல், இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடினார்கள். உச்சரிப்பு படுமோசம். நான் அழுதேன், மறைக்கவில்லை. முடித்ததும், "இப்படி விட்டுட்ட வீடு வேற இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்கு அங்கிள். மூணாவது பில்டிங். அந்த அங்கிளோட பையன் இறந்துட்டான். காலி பீலி, சும்மா எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..."

சட்டையை மாற்றிக்கொண்டு அவர்களோடு இறங்கினேன். அந்த வீட்டு மணியை அடித்துவிட்டுப் பாடத் தொடங்கினோம். முதல் பாட்டு முடிந்தும் கதவு திறக்கவில்லை. போய்விடலாமா என்பதுபோல் பையன் என் முகத்தைப் பார்த்தான்.

"நில்லுலே" என்றேன். "உள்ள இருக்கவரு எந்திரிச்சு வர நேரமாகும்."