செம்பில் இருந்த பெருவிரல்

"...அந்தத் தண்ணிய மட்டும் கீழ ஊத்திராதீங்க மைனி," என்றார் பக்கத்து வீட்டுக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி.

அவர் மனைவி இறந்து நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹா மறுநாள். ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்திருந்த அவளுடைய அக்காவும் நானும் அவர்கள் வீட்டு மோரியில், கழுவுகிற மூலையில், உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தோம். ஓதுகிற நாளில் வீட்டில் ஒரு பாத்திரமும் மங்கிக் கிடக்கக் கூடாது. அலமாரி மேலிருந்த பித்தளைச் செம்பை அக்கா அப்போதுதான் புளி போட்டுத் தேய்த்து முடித்திருந்தார். பேசனில் பழுப்புத் தண்ணீர்.

"அந்தச் செம்புல அவ பெருவிரல் இருந்துச்சு," என்றார் அவர். "காய்ச்சல்ல வேர்த்த கையோட கடேசியாத் தண்ணி மோந்து குடுத்தா. வேர்வ பட்ட எடம் கறுத்துக்கிட்டே வந்துது. டெய்லி பாத்துக்கிட்டிருந்தேன். யார்ட்டயும் சொல்லல."

அக்கா செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் பளபளவென்றிருந்தது. "எனக்கு என்ன தெரியும் தம்பி. தங்கச்சி வீட்டுச் சாமான் கறுத்துக் கெடந்தா அவளத்தான சொல்லுவாங்க."

தாராவியிலேயே பெல்ட் பக்கிளுக்கு முலாம் பூசும் பட்டறை அவருக்கு. முதலில் பித்தளையைத் தேஜாப்பில், அதாவது அமிலத்தில், முக்கிக் கறுப்பை எடுக்க வேண்டும். வேலை முடிந்த தேஜாப்பைச் சுண்ணாம்பு போட்டு அடக்குவார். அவர் வாயைக் கிண்டினால் நல்ல பேச்சு கிடைக்கும் என்பதற்காகவே நான் கிண்டுவேன். "தேஜாப்பு மாப்ள. பித்தளையோ சுண்ணாம்போ, எது வந்தாலும் பொண்ணு. சேந்துட்டா உப்புதான் புள்ள. பெறகு ரெண்டு பேரையும் தனியாப் பாக்க முடியாது," என்பார். "பட்டறைலயும் நிக்காஹ்தானா? வீட்டுல ஒண்ணு பண்ணிட்டு முழிக்கிறது பத்தாதா," என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்பாள்.

இப்போது அந்தக் குரல் வரவில்லை. அவர் மோரி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கறுப்பு எங்கயும் போகல மைனி. புளியும் ஒரு தேஜாப்புதான், அத உப்பாக்கியிருக்கு. அம்புட்டும் இதுக்குள்ளதான் கெடக்கு."

"அத வச்சு என்ன செய்யப் போறீங்க?"



அவர் காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்துக் கழுவினார். பேசனை இரண்டு கையாலும் தூக்கி, சிந்தாமல் அதில் ஊற்றினார். அடியில் ஒட்டியிருந்த புளிச் சக்கையையும் விரலால் வழித்துப் போட்டு, மூடியை இறுகத் திருகினார்.