நைரியின் ரைஃபிளுக்குப் புது பேரல்

துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்ப்பவனுக்கு இரும்பைக் கடைவது கஷ்டமில்லை, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஐ.டி. என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி என்றால் உடனே முட்டிவலியைப் பற்றிக் கேட்பார்கள். ஆக்லாந்துப் பக்கம் பாபடோயிட்டோயில் ஒரு பிறந்தநாள் விருந்தில் நான் உண்மையைச் சொன்னபோது, சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கவுண்டருக்குப் பின்னால் நின்று நாலு பேர் பேச்சைக் கேட்டு வயிறு வளர்த்தவர்களுக்கு என் பாடு புரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் டூல் ரூமில் லேத் பிடித்தவன். விசா கிடைத்து ஆக்லாந்து வந்து, விரி என்ற பகுதியில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தேன். அங்கே ஆள் குறைத்தபோது, பக்கத்துத் தெருவில் கிரஹாம் என்பவர் நடத்திய துப்பாக்கிப் பட்டறையில் லேத்துக்கு ஆள் தேடினார்கள். இது இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில். அதுவரை நான் துப்பாக்கியைப் பார்த்தது பேங்க் வாசலில் காவல்காரர் தோளில் மட்டும்தான்.

மிக்ஸி

வேலையில் சேர எனக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். அதற்கு ஒருவர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். என்னைத் தனியாக, என் மனைவி சுமதியைத் தனியாக. வந்தவர் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், நரைத்த மீசை. என்னிடம் கால் மணி நேரம் கேட்டார். சுமதியிடம் போனவர் திரும்பி வரவே இல்லை. நான் ஹாலில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு.

பிறகுதான் தெரிந்தது. "இவர் கையில் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமில்லையா?" என்று அவர் கேட்டிருக்கிறார். இவள், "அதெல்லாம் பயமில்லை, கழற்றிப் போட்டால் திரும்ப மாட்டுவாரா என்பதுதான் பயம். என் மிக்ஸியைத் தீபாவளிக்குக் கழற்றினார், இன்னும் டப்பாவில் கிடக்கிறது" என்று சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷர் போகும்போது வாசலில் என் கையைக் குலுக்கிச் சொன்னார்: "உங்க மனைவி உங்களைப் பாஸ் பண்ணிட்டாங்க. மிக்ஸியை மட்டும் சீக்கிரம் மாட்டிடுங்க."

ஓடிப்போன மான்

நைரி பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெண்மணி. அறுபதை நெருங்கும் வயது, என் தோள் உயரம்தான் இருப்பார். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்து மூடுகிற ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அந்த மாடலைத் தயாரித்த கம்பெனி அதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. உதிரி பாகம் எங்கும் கிடையாது. குண்டு போகும் குழாயான பேரலின் உள்பக்கம் தேய்ந்து, குண்டு ஒரு இடத்தில் போகாமல் கண்ட இடத்தில் போய்க்கொண்டிருந்தது.

கிரஹாம் பார்த்த உடனே, "இதுக்குச் செய்யற செலவுக்குப் புதுசு வாங்கிடலாம்" என்றார். நைரி என்னைப் பார்த்துப் பேசினார். போன வருஷம் தௌப்போ ஏரிக்கு அப்பால் மலைக்காட்டில் ஒரு மானைச் சுட்டிருக்கிறார். குண்டு விலகிப் பட்டு மான் ஓடிவிட்டது. இருட்டும்வரை ரத்தத்தைப் பின்தொடர்ந்து தேடியும் கிடைக்கவில்லை. "அடிபட்டு எங்கேயோ கிடந்து செத்திருக்கும். அன்னைக்கே சொல்லிட்டேன், இது நேரா சுடறவரைக்கும் காட்டுக்குப் போகமாட்டேன்னு" என்றார். அதைக் கேட்டுவிட்டு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. செய்து பார்க்கிறேன் என்றேன். கிரஹாம் என்னை முறைத்தார். நைரி சொன்னது இது: "மூணு கடைல புதுசு வாங்கச் சொல்லிட்டாங்க. என் கை இருட்டுலயும் இதைக் கண்டுபிடிக்கும். புதுசுக்கு என் கையைத் தெரியாது."

ஐம்பத்தைந்து டிகிரி

பழைய பேரல் துப்பாக்கியின் பாடியில் ஸ்க்ரூ மாதிரி மரையோடு முடுக்கப்பட்டிருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். வைஸ் பிடியில் இறுக்கி, ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி, ஆள் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை. நெருப்புக் காட்டினால் பாடியின் உறுதி போய்விடும். துப்பாக்கி செத்தது என்று அர்த்தம். கடைசியில் பாடியை ஒட்டிய இடத்தில் பேரலில் மட்டும் மெல்லிசாக ஒரு வெட்டுப் போட்டேன். இறுக்கம் விட்டது. டக்கென்று ஒரு சத்தம். பிரசவ வார்டு வாசலில் நின்றவர்களுக்குத்தான் அந்தச் சத்தத்தின் அருமை தெரியும்.

ஆனால் உள்ளே இருந்த மரை எந்த அட்டவணைக்கும் பொருந்தவில்லை. கிரஹாம் போன் போட்டு விசாரித்த இடங்களில் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். மரையின் கோணத்தை அளக்கும் அறுபது டிகிரி கேஜை வைத்தேன். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. சட்டென்று எங்கள் ஊர் பழைய மில் மெஷின்கள் நினைவுக்கு வந்தன. அந்தக் காலத்து இங்கிலீஷ் மரையெல்லாம் ஐம்பத்தைந்து டிகிரி. அந்தக் கேஜை வைத்தேன். வெளிச்சம் அடைத்துக்கொண்டது. அந்தக் கோணத்துக்குப் பட்டறையில் மரை வெட்டும் டூல் இல்லை. நானே கிரைண்டரில் தீட்டினேன், கோயம்புத்தூரில் எத்தனையோ முறை தீட்டிய மாதிரி. கிரஹாம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: "உங்க கோயம்புத்தூர்ல மான் வேட்டை அவ்வளவு ஜாஸ்தியா?"

யோகன் அண்ணை

புது பேரல் நீளமான அட்டைக்குழாயில் வந்தது. கொண்டுவந்தவர் யோகன் அண்ணை, கூரியர் வேன் ஓட்டுகிற யாழ்ப்பாணத்துக்காரர். பார்சலில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்து எப்போதும் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு, "என்ன தம்பி, தண்ணிக் குழாயோ?" என்று கேட்டார். துப்பாக்கிக்கு என்றேன்.

அவர் குழாயை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு, யாருக்கு, எதுக்கு என்று கேட்டார். பஸ் ஓட்டுகிற அம்மா, ஓடிப்போன மான் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கையெழுத்து வாங்கும் மெஷினை நீட்டியபடி சொன்னார்: "துவக்கெல்லாம் ஊரிலையே போதும் போதுமெண்டு பாத்திட்டன் தம்பி. ஆனா ஒரு மானுக்காக ஒரு மனுசி இவ்வளவு கவலைப்படுறா எண்டா, நல்லாச் செய்து குடுங்கோ."

கட்டை

மரை வெட்டி, தோட்டா உட்காரும் அறையையும் கடைந்து முடித்தேன். அறையின் ஆழம் சரிதானா என்று பார்க்க இரண்டு கேஜ் உண்டு. ஒன்றைப் போட்டால் போல்ட் மூட வேண்டும்; மற்றதைப் போட்டால் மூடக் கூடாது. முதலாவதுக்கு வெண்ணெய் மாதிரி மூடியது. இரண்டாவதுக்கு அடம்பிடித்து நின்றது. அந்த இரண்டையும் நான் வேலை முடிந்த பிறகும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவசியமே இல்லாமல்.

பேரலை நீளம் குறைத்து, முனையில் சைலன்சருக்கு மரை போட்டோம். இந்த ஊரில் அது சர்வ சாதாரணம், காது பிழைக்கும். பேரலுக்கு அடியிலிருந்து தோள்வரை வருகிற மரக்கட்டையையும் நைரியின் உயரத்துக்குக் குறைத்தார் கிரஹாம். நைரி கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்தார். கண்ணைத் திறந்தபோது, கழுத்தை நீட்டாமலே பார்வை துப்பாக்கிமேல் இருந்த டெலஸ்கோப்புக்குள் நேராகப் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிஷம் இறக்கவே இல்லை. பிறகு சொன்னார்: "அப்போ இத்தனை வருஷமா நான் வேற யாரோட துப்பாக்கியாலயோ சுட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

தப்பு யாருடையது

சுடும் மைதானத்தில் முதல் குண்டைச் சுடும்போது துப்பாக்கியைக் கையில் பிடிக்கவில்லை. பேரல் வெடித்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லாதபடி ஸ்டாண்டில் கட்டி, தள்ளி நின்று விசையில் கட்டிய கயிற்றை இழுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கிரஹாம் உட்கார்ந்து அட்டையில் சுட்டார். போய்ப் பார்த்தால் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் சிதறிக் கிடந்தன. நைரியிடம் என்ன சொல்வது? ஊரில் உள்ள மூன்று கடையும் சொன்னதுதான் சரி என்றா?

மரையா, அறையா, எங்கே கோட்டைவிட்டேன் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தேன். கிரஹாம் சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்துப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தார். பாதியில் சிக்கியது. மரம் ஒரு பக்கம் பேரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சூடேறியதும் பேரலைத் தள்ளிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அந்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி சுட்டோம். இந்த முறை மூன்று ஓட்டையையும் ஒரு ரெண்டு டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். அந்த அட்டையை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிரஹாம் பொதுவாக யாரையும் பாராட்டமாட்டார். காரில் ஏறும்போது சொன்னார்: "இரும்பு உன்னோடது, மரம் என்னோடது. சிதறினது மரத்தால."

ஏப்ரல்

ஏப்ரலில் ஆண்மான்கள் காட்டில் தொண்டை கிழியக் கத்துகிற பருவம். பாதி ஊர் லீவு போட்டுவிட்டு வேட்டைக்குப் போகும். நைரியும் போனார். எனக்கு அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. மனைவி, "நீங்க என்னங்க மானா, இப்படிப் பயந்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, பஸ் டிரிப் முடிந்து நைரி யூனிஃபார்மோடு வந்தார். கையில் உறைந்த இறைச்சிப் பொட்டலம். மேஜைமேல் வைத்தார். அவரே சொன்னார். காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் மான் நின்றதாம். நிதானமாகப் பார்த்து, மூச்சை விட்டுச் சுட்டாராம். பக்கத்தில் போய் மண்டியிட்டு அதன் கழுத்தில் கை வைத்தபோது அழுதுவிட்டாராம். கிரஹாம் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார். நைரி அவரைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரே குண்டு. நின்ன இடத்துலயே விழுந்துச்சு. அதுக்குச் சத்தம்கூடக் கேட்டிருக்காது."

வேலையைச் சரியாகச் செய்தால் வாடிக்கையாளர் வருஷக்கணக்கில் கடைப்பக்கமே வரமாட்டார், சொதப்பினால்தான் வாராவாரம் வந்து குசலம் விசாரிப்பார் என்கிற இந்த விசித்திரத் தொழிலில், ஆள் இல்லாத கவுண்டரைப் பார்த்துப் பெருமைப்படக் கற்றுக்கொண்டவன் நான்.