கரிச்சான் கேட்ட குரல்

நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இது என் அக்காவுக்கு நடந்தது. பொய் சொல்ல நினைத்தாலும் அவளுக்குக் கற்பனை போதாது. பறவை ஆராய்ச்சிக்காரி. அளந்து பார்த்ததை மட்டும் பேசுவாள்.

பல வருடமாக ஒரே காடு, ஒரே பறவை. கரிச்சான். மற்றவற்றின் குரலை அப்படியே திருப்பிப் பாடும். கேட்டதை மட்டுந்தான் பாடும். கேட்ட வரிசையும் மாறாது. அக்காவின் ஆராய்ச்சி மொத்தமும் இதுதான். மனிதப் பேச்சையும் அது எடுக்கும் என்று நிரூபிக்க ஒரு பதிவு வேண்டும். அந்தப் பருவத்துக்குள் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும்.

அவளுக்குத் துணை ஒரு மரமேறி. எல்லோருக்கும் அவர் ‘ஏணி’. அவருக்கு அக்கா ‘டீச்சர்’. வாய் ஓயாது.

“என் இருமலை நேத்து அப்படியே இருமிக் காட்டுச்சு டீச்சர். மருந்துச் செலவையும் அதுகிட்டயே வாங்கிக்கிறேன்.”

“இருமல் போதாதுண்ணே. பேச்சு வேணும். மைக்கை இன்னும் மேல கட்டணும்.”

“சாயங்காலம் கயிறு போட்டு ஏறிக் கட்டிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடறேன். விடியக்காலையில நீங்க வந்து காதைக் குடுத்தாப் போதும்.”

மறுநாள் விடியும் முன்பே அக்கா தனியாகப் போனாள். மரத்தின் இந்தப் பக்கம் அடித்திருந்த இரும்புப் படிகளில் ஏறினாள். பரணில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். நல்ல இருட்டு.

கரிச்சான் ஆரம்பித்தது. முதலில் கிளி. பிறகு ஏணியின் இருமல்...

பிறகு கயிறு முறுகும் சத்தம். க்ரீச்... க்ரீச்...

பட்.

கிளை முறியும் சத்தம். தொம். எல்லாம் அந்தப் பறவையின் தொண்டையிலிருந்து.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஏணியின் குரல். மெதுவாக.

“டீச்சர்... கீழ பாக்காதீங்க.”

அக்கா சிரித்துவிட்டாளாம். பேச்சு கிடைத்துவிட்டது, வேலை தப்பியது என்று. அது மறுபடி பாடியது. மறுபடியும். அதே வரிசை.

விடிந்தது.

கீழே பார்த்தாள்.

மரத்தின் அந்தப் பக்கம், புதருக்குள், அறுந்த கயிற்றோடு கிடந்தார்.

டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். “நேத்து சாயங்காலமே போயிட்டார்மா. வலி தெரிஞ்சிருக்காது. விழுந்த நொடியே கழுத்து முறிஞ்சு உயிர் போயிடுச்சு.”

அக்கா அந்தப் பதிவை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள். வேலை போயிற்று.

கயிறு. தொம். அதற்கு அப்புறம்தான் பேச்சு...

கரிச்சான் கேட்டதை மட்டுந்தான் பாடும்.